பாத்தியில் மிஞ்சிய தண்ணீர்

"எங்க வீட்டுப் பால் சுத்தமான பால் டீச்சர். எங்கம்மா ஒரு சொட்டுத் தண்ணி கலக்க மாட்டாங்க."

ஏழாம் வகுப்பில் நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று இதைச் சொன்னபோது வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் வீட்டில் இரண்டு எருமைகள். அம்மா காலையும் மாலையும் தெருவில் பால் ஊற்றுகிறார். நான் கரும்பலகையில் 'தூய பொருள்', 'கலவை' என்று இரண்டு கட்டம் போட்டு, பாலைக் கலவைக் கட்டத்துக்குள் எழுதியிருந்தேன். "பால் தூய பொருள் இல்லை" என்று வாயாலும் சொல்லியிருந்தேன். பாடப்படி அது சரி. பாலில் நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். மிச்சம் கொழுப்பு, புரதம், பால் சர்க்கரை, உப்புகள். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது வேறு. அவள் அம்மாவின் நாணயத்தை நான் நாற்பது பேர் முன்னால் சந்தேகித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பேருந்தில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. பிழை அவளிடம் இல்லை, நான் எடுத்த சொல்லில் இருந்தது. ஊர் வழக்கில் சுத்தம் என்றால் கலப்படம் இல்லாதது. வேதியியலில் தூய பொருள் என்றால் ஒரே வகைத் துகள் மட்டும் உள்ளது. மறுநாள் முதல் வேலையாக வகுப்பில் சொன்னேன்: "அவங்க வீட்டுப் பால் சுத்தமான பால்தான். அது வியாபாரத்துல உள்ள நேர்மை. நான் சொன்னது வேற சங்கதி. மாட்டு மடியிலேயே பால் பல பொருள் கலந்துதான் வருது. யாரும் கலக்கல." அவள் முகம் தெளிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரப் பள்ளிகளில் பல வருடங்களாக அறிவியல் சொல்லித் தருகிறேன். பருப்பொருள், தனிமம், சேர்மம், கலவை என்ற இந்தப் பாடத்தைப்போல எளிதாக நடத்தி முடித்துவிடக்கூடியது வேறில்லை. இதைப்போல ஒன்றுமே புரியாமல் பிள்ளைகள் கடந்துபோவதும் வேறில்லை. நான்கு வரையறை, நான்கு எடுத்துக்காட்டு, தேர்வில் நான்கு மதிப்பெண். அதோடு சரி.

இதில் தமிழே நமக்கு வைக்கும் ஒரு சிக்கலும் உண்டு. அடுப்படியில் கலப்பதும் சேர்ப்பதும் ஒன்றுதான். "மாவுல உப்பு சேர்த்துக் கலக்கி வை" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் கலவை வேறு, சேர்மம் வேறு என்றால் எப்படி விளங்கும்? இரண்டும் வெறும் பெயர்களாகத்தான் மனதில் நிற்கும். அதனால் முதல் இரண்டு வாரத்துக்கு 'சேர்மம்' என்ற சொல்லை நான் வகுப்பில் எடுப்பதே இல்லை. வேறுபாடு கண்ணில் பட்ட பிறகு பெயர் வரட்டும்.

புத்தகங்கள் பெரும்பாலும் தனிமத்தில் தொடங்கிச் சேர்மம் வழியாகக் கலவைக்கு வரும். ஒழுங்கு என்று பார்த்தால் அது அழகானதுதான். ஆனால் எந்தப் பிள்ளையும் அந்த வழியாக உலகத்துக்குள் வரவில்லை. தொட்டது, தின்றது, மிதித்தது எல்லாம் கலவை. தனிமம் என்று சுட்டிக்காட்ட அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது? செம்புக் கம்பி, அலுமினியச் சட்டி, அவ்வளவுதான். அம்மா கழுத்துச் சங்கிலியைக் காட்டலாம் என்றால் 916 என்று முத்திரை குத்திய தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பும் வெள்ளியும். அதுவும் கலவைதான். (பிள்ளைகள் இதைக் கேட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அன்று இரவே அம்மாவிடம் போய்ச் சொல்வார்கள் என்று தெரியும்.) ஆகவே நான் கலவையிலிருந்து தொடங்குகிறேன். பிரித்துக்கொண்டே போவோம். எங்கே பிரிக்க முடியாமல் நிற்கிறோமோ அங்கே தனிமம். என்னைக் கேட்டால் அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

முதல் நாள் வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில் யார், எதை, எதிலிருந்து பிரிக்கிறார்கள் என்று பார்த்து வாருங்கள். மறுநாள் வந்து கொட்டுவார்கள். ஆச்சி முறத்தில் அரிசி புடைக்கிறார். உமி பறக்கிறது, அரிசி நிற்கிறது. அம்மா மாவு சலிக்கிறார். ரசம் வைத்தால் தெளிவு மேலே, மண்டி கீழே. காய்ச்சலில் படுத்தவருக்குத் தெளிவை மட்டும் இறுத்து ஊற்றுகிறார்கள். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே வருகிறது. கலங்கல் தண்ணீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் சேறு அடியில் படிகிறது என்று ஒருவன் அவன் தாத்தாவிடம் கேட்டு வந்து சொன்னான். அலமாரியில் போட்ட அந்துருண்டை நாளாக ஆகத் தேய்ந்து காணாமல் போவதை ஒருத்தி சொன்னாள். அது உருகி ஓடவில்லை, திடமாக இருந்தே ஆவியாகப் போகிறது. கனம், அளவு, கரைதல், ஆவியாதல் என்று ஒவ்வொரு பொருளின் தனிக்குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரிக்கிறோம். கலந்திருந்தாலும் எந்தப் பொருளும் தன் குணத்தை விடவில்லை. கலவைக்கு இலக்கணம் அதுதான். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு உப்பளம்.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு உப்பளம் என்பது அம்மா விடியுமுன் கிளம்பிப் போகும் இடம். வெயில் ஏறினால் வெள்ளை உப்பிலிருந்து அடிக்கும் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது, அதனால் இருட்டோடு போய்விடுவார்கள். இந்தியாவில் உப்பு விளைவிப்பதில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. தமிழ்நாட்டில் தூத்துக்குடிதான் முதல். இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாத்திகளில் ஒரு முழு வேதியியல் பாடம் நடந்துகொண்டிருக்கிறது என்பது எந்தப் புத்தகத்திலும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஒரு கிலோ கடல்நீரில் கரைந்திருப்பது சுமார் 35 கிராம். அதில் ஏறக்குறைய 27 கிராம் நாம் சாப்பிடும் உப்பு. மீதி எட்டு கிராமில்தான் விளையாட்டு இருக்கிறது: மெக்னீசிய உப்புகள், கால்சிய உப்புகள், கொஞ்சம் பொட்டாசியம், இன்னும் நுணுக்கமாகப் பல. உப்பளத்தில் நீரின் அடர்த்தியை 'டிகிரி' என்பார்கள். மிதக்கும் மானியை விட்டுப் பார்ப்பது. கடல்நீர் மூன்று டிகிரி சுமாருக்கு இருக்கும். கடல்நீரோ, தரைக்கடியிலிருந்து இறைக்கும் உவர்நீரோ, அதைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிட்டுக்கொண்டே வந்தால் அடர்த்தி ஏறும். முதலில் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் உள்ள பொருள், படியும். பதினைந்து டிகிரியைச் சுற்றி ஜிப்சம் என்ற இன்னொரு கால்சிய உப்பு படியும். இருபத்தைந்தைத் தொட்டதும் உப்பு பூக்கத் தொடங்கும். உப்பை எடுத்தபின் முப்பது டிகிரியை நெருங்கும் நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியக் கசப்பு உப்போடு ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பொருள் எந்த அடர்த்தியில் கரைசலைவிட்டு வெளியே வரும் என்பதை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படிகமாக்கிப் பிரிப்பது. கல்லூரி ஆய்வகத்தில் இதற்குத் தனிப் பெயர் உண்டு, மதிப்பெண் உண்டு. இங்கே வெறுங்காலோடு நின்று செய்கிறார்கள். தங்கள் அம்மா செய்யும் வேலை இது என்று தெரிந்த அன்று அந்தப் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்த விதமே மாறியது. நான் இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

வகுப்பில் நாங்களும் செய்தோம். ஒரு லிட்டர் கடல்நீரைத் துணியில் வடிகட்டினோம். மணலும் பாசியும் துணியில் நின்றன, உப்பு கரித்தபடியே கீழே இறங்கிவிட்டது. தொங்கலுக்கும் (துகள் கரையாமல் நீரில் மிதந்து நிற்பது) கரைசலுக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கு சொல்லிவிட்டது. பிறகு அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தோம். சுள்ளென்ற வெயில். மூன்றாம் நாள் தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு. லென்ஸில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கனசதுரங்கள், யாரோ அளவெடுத்து வெட்டியதுபோல. ஒவ்வொரு பிள்ளையும் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தது.

ஆனால் அந்த உப்பு கடை உப்புபோல உலரவே இல்லை. காலையில் தொட்டால் ஈரம், நாக்கில் வைத்தால் ஓரத்தில் கசப்பு. "காயலையே டீச்சர்" என்றார்கள். எனக்குக் காரணம் தெரியும், சொல்லவில்லை. மறுநாள் ஒரு பெண் வந்து சொன்னாள்: "எங்கம்மாகிட்ட கேட்டேன் டீச்சர். கடைசித் தண்ணிய வடிக்காம காயவிட்டா அப்படித்தான் கசியுமாம். நீங்க முழுசா காயவிட்டுட்டீங்க." ஆமாம். கடல்நீரை முழுதாக வற்றவிட்டதால் மெக்னீசியம் குளோரைடும் தட்டிலேயே தங்கிவிட்டது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். அந்த அம்மா எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வகுப்பு படித்தார் என்று நான் கேட்கவில்லை.

இனி அடுத்த கேள்வி. உப்பைப் பிரித்துவிட்டோம். இந்த உப்பை இன்னும் பிரிக்க முடியுமா?

சலித்துப் பார்த்தார்கள், அரைத்துப் பார்த்தார்கள், கரைத்துக் காயவைத்தார்கள். உப்பு உப்பாகவே திரும்பி வந்தது. இங்கேதான் வழக்கமான வழிகள் முடிகின்றன. ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இருபக்கமும் சீவிய இரண்டு பென்சிலும் எடுத்தேன். சுத்தமான உப்பைக் கரைத்த நீரில் பென்சில் முனைகளை நனைத்து, மேல் முனைகளை ஒயரால் பேட்டரியில் இணைத்தோம். இரண்டு முனையிலும் குமிழ் கிளம்பியது. ஒரு நிமிடம் ஆனதும் முன்வரிசை மூக்கைச் சுளித்தது. "பிளீச்சிங் பவுடர் வாடை!" குளோரின். அதற்குள் இருந்தது, வெளியே வந்துவிட்டது. உடனே ஒயரைக் கழற்றி ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் காற்றோட்டமான இடத்தில், சில நிமிடங்களுக்கு மட்டும் செய்யுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்க விடாதீர்கள்.

மறுபக்கம் சோடியம் வந்ததா? வரவில்லை. அங்கே வந்த குமிழ் ஹைட்ரஜன், தண்ணீரிலிருந்து வந்தது. சோடியம் எரிசோடாவாக (காஸ்டிக் சோடா) தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அது இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? மஞ்சள்தூள் கரைத்துத் தோய்த்துக் காயவைத்த தாள் ஒன்றை அந்தப் பென்சில் முனையில் தொட்டேன். மஞ்சள் சிவந்தது. "ஆரத்தி!" என்று கத்தினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காரப் பொருள் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். ஆறுமுகநேரி பக்கம் சாகுபுரத்தில் இருக்கும் ஆலையில் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் பிரிப்பது இதே மின்சார வழியில்தான். நம் ஊர்த் தண்ணீர்க் குழாய்களைச் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கின் எடையில் பாதிக்குமேல் குளோரின்.

சோடியத்தைத் தனியாக முதலில் பார்த்தவர் இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி, 1807இல். தண்ணீர் கலக்காமல் எரிசோடாவையே உருக்கி மின்சாரம் பாய்ச்சினார். வந்தது கத்தியால் வெட்டக்கூடிய மிருதுவான உலோகம். தண்ணீரில் போட்டால் சீறும், தீப்பிடிக்கும், மண்ணெண்ணெய்க்குள் வைத்துத்தான் பாதுகாக்க வேண்டும். குளோரினோ மூச்சை அடைக்கும் பச்சைமஞ்சள் வாயு. 1915இல் முதல் உலகப்போரில் மனிதர்களைக் கொல்ல அதைத் திறந்துவிட்டார்கள். இந்த இரண்டும் கூடினால் நாம் சோற்றில் போட்டுத் தின்னும் உப்பு. இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். சோடியத்தின் சீற்றமும் இல்லை, குளோரினின் நஞ்சும் இல்லை. கலவையில் ஒவ்வொன்றும் தன் குணத்தோடு இருந்ததே, இங்கே என்ன ஆயிற்று? 'சேர்மம்' என்ற சொல்லை அந்த அமைதியில்தான் கரும்பலகையில் எழுதுவேன்.

இரும்பும் கந்தகமும் வைத்துச் செய்யும் சோதனையை எல்லாப் புத்தகமும் சொல்லும். 7 கிராம் இரும்புத் தூள், 4 கிராம் கந்தகம். வெறுமனே கலந்தால் காந்தம் இரும்பை மட்டும் இழுத்துக்கொள்ளும், மஞ்சள் கந்தகம் கீழே நிற்கும். சூடாக்கினால் இரண்டும் கூடிக் கருஞ்சாம்பல் கட்டியாகும், காந்தம் இழுக்காது. நான் முதல்முறை செய்தபோது இழுத்தது.

லேத் பட்டறையில் வாங்கிய இரும்புத் தூள். மைதானத்தில் ஒரு தகர மூடியில் வைத்துச் சூடாக்கினோம். ஓரிடத்தில் கனலத் தொடங்கியதும் அடுப்பை விலக்கினேன், கனல் தானாகவே மறுமுனைவரை நகர்ந்து போனது. அது அருமையான காட்சி. ஆறியதும் காந்தத்தை வைத்தேன், கட்டி மேலே ஏறி ஒட்டிக்கொண்டது. "ஒட்டுதே டீச்சர்!" எனக்கு அந்தக் கணத்தில் பதில் இல்லை. மாணவர்களிடம் அப்படியே சொன்னேன், சேர்ந்து காரணம் தேடினோம். கட்டியை உடைத்து லென்ஸில் பார்த்தால் உள்ளே மினுமினுக்கும் துணுக்குகள். தூள் பெருவெட்டாக இருந்ததால் துணுக்கின் மேல்தோல் மட்டும் கந்தகத்தோடு கூடியிருக்கிறது, உள்ளே இரும்பு இரும்பாகவே கிடக்கிறது. பட்டறை எண்ணெய்ப் பிசுக்கு வேறு. அடுத்த வாரம் சோப்பு நீரில் அலசிக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, எடையைச் சரியாக நிறுத்துச் செய்தோம். இந்தமுறை கட்டி தகரத்திலேயே கிடந்தது.

தோற்ற சோதனைதான் அதிகம் கற்றுத் தந்தது. சாம்பாரில் பருப்பு ஒரு கை கூடலாம், குறையலாம். அது அவரவர் கைப்பக்குவம். இரும்பும் கந்தகமும் கூட ஏழுக்கு நான்குதான். எட்டு வைத்தால் ஒரு பங்கு இரும்பு வெளியே நிற்கும், காந்தம் அதைக் காட்டிக்கொடுக்கும். உப்பிலும் 23 பங்கு சோடியத்துக்கு 35.5 பங்கு குளோரின்தான், அது தூத்துக்குடி உப்பானாலும் சரி, குஜராத்தின் கட்ச் உப்பானாலும் சரி.

ஒவ்வொரு வருடமும் ஒருவராவது கேட்பார்: "தண்ணி பஞ்சபூதத்துல ஒண்ணு இல்லையா டீச்சர்? அதையுமா பிரிக்க முடியும்?" நல்ல கேள்வி, தட்டிக் கழிக்கக் கூடாது. ஐந்தையும் எடுத்து வைத்துப் பேசுவேன். நிலம் எத்தனையோ சேர்மங்களின் கலவை. நீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடிய சேர்மம். காற்று கலவை, அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தீ ஒரு நிகழ்வு. ஆகாயம் வெளி, பருப்பொருளே இல்லை. ஐந்தில் ஒன்றுகூட வேதியியல் சொல்லும் தனிமம் இல்லை. அதற்காக முன்னோர் தவறிவிட்டார்கள் என்றோ, எல்லாம் அவர்களுக்கு முன்பே தெரியும் என்றோ நான் சொல்வதில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு, டேவி கேட்ட கேள்வி வேறு.

இதோடு பிரான்சின் வேதியியலாளர் லவாய்சியரையும் சொல்வேன். இதுவரை எந்த வழியாலும் மேற்கொண்டு பிரிக்க முடியாதது எதுவோ அதைத் தனிமம் என்று வைத்துக்கொள்வோம் என்றார் அவர். 1789இல் அவர் போட்ட பட்டியலில் 33 பெயர்கள். ஒளியும் வெப்பமும்கூட அதில் உண்டு. சுண்ணாம்பும் உண்டு! வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புக்கு மூலமான பொருள். அன்றைக்கு அதை யாராலும் பிரிக்க முடியவில்லை. ஒருநாள் பிரித்துவிடுவார்கள் என்ற ஐயம் அவருக்கே இருந்தது. 1808இல் டேவி அதிலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டார். இன்று நம்மிடம் உள்ள பட்டியலில் 118.

கலவைகளின் வகைகளுக்கு அதிக நேரம் எடுப்பதில்லை. ஒருபடித்தானது (எங்கும் ஒரே மாதிரி), பலபடித்தானது (இடத்துக்கு இடம் வேறு) என்ற சொற்கள் முரடாகத் தெரிந்தாலும் ஒரு டம்ளர் சர்பத்தையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் பக்கத்தில் வைத்தால் விளங்கிவிடும். கூழ்மத்துக்கு (நுண்துகள்கள் கரையாமலும் அடியில் படியாமலும் பரவி நிற்பது) மட்டும் ஒரு வகுப்பு. ஜன்னலை அடைத்துவிட்டு, உப்புக் கரைசலிலும் இரண்டு சொட்டுப் பால் விட்ட தண்ணீரிலும் டார்ச் அடிக்க வேண்டும். உப்புக் கரைசலில் ஒளி போன வழி தெரியாது. பால் தண்ணீரில் ஒரு கோடாகத் தெரியும், கொழுப்பின் நுண்துளிகள் ஒளியைச் சிதறவிடுவதால். எருமைப் பால் வீட்டுப் பெண்தான் அன்று டார்ச் பிடித்தாள்.

கடைசி வகுப்பில் அந்த மிஞ்சிய நீர். உப்பளத்தில் வடித்துவிடும் கசப்புத் தண்ணீரை ஒரு பிள்ளையின் அம்மா பாட்டிலில் பிடித்து அனுப்பியிருந்தார். எண்ணெய்போல வழவழப்பு, இளம் பழுப்பு. "இதுல ஒண்ணுமில்ல டீச்சர், கழிவு" என்றாள். அப்போதுதான் பலார்டின் கதையைச் சொன்னேன். பிரான்சின் தெற்கே மோன்பெலியே கடற்கரையிலும் உப்பளங்கள் உண்டு. அங்கே அந்துவான் பலார்ட் என்ற இளைஞர், இதேபோல உப்பு எடுத்தபின் மிஞ்சிய கசப்பு நீரில் குளோரினைச் செலுத்திப் பார்த்தார். நீர் மஞ்சளாகி நிறம் ஏறியது. அதிலிருந்து செம்பழுப்பாக, மூக்கை அரிக்கும் நெடியோடு ஒரு நீர்மம் பிரிந்தது. அது புதிய தனிமம், புரோமின். அறை வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் தனிமங்கள் இரண்டே இரண்டு, பாதரசமும் இதுவும். 1826இல் அந்தச் செய்தி வெளிவந்தபோது பலார்டுக்கு இருபத்து நான்கு வயது நிரம்பவில்லை. இன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் உப்பளக் கழிவு நீரிலிருந்து புரோமினை ஆலை வைத்து எடுக்கிறார்கள்.

"நம்ம பாட்டில்லயும் இருக்கா?" என்றார்கள். கொஞ்சம் இருக்கும், நாம் எடுக்கப் போவதில்லை, அது நச்சு என்றேன். அந்த நீரில் கொஞ்சத்தைத் தட்டில் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு, அலமாரிமேல் வைத்தார்கள், காயட்டும் என்று. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒருநாள் பார்த்தபோது நீர் கோட்டுக்கு மேலே நின்றது. கூரை ஒழுகியதா என்று நாற்காலி போட்டு ஏறி ஒருவன் ஓடுகளைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது.